துறைமுக வெளிச்சத்தில் நெபுலாக்கள்: சென்னையில் ஆழ்வான் நோக்கலின் வரலாறு

சென்னையின் வானியல் வரலாறு ஏறக்குறைய முழுவதும் விண்மீன்களின் வரலாறு. ஆழ்வான் பொருள்களான நெபுலாக்களும் கோளக் கொத்துகளும் அண்டங்களும் அதில் ஓரமாகவே வந்துபோகின்றன. இதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. காரணம் கடற்கரையில் இருக்கிறது.

1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் அமைத்த வான்நோக்ககம், 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டடமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, மசூலாப் படகுகளில் சரக்கு இறக்கிய காலம் அது. கம்பெனிக்கு வேண்டியது சரியான நேரமும் தீர்க்கரேகையும். இரண்டும் விண்மீன்களின் துல்லிய இடங்களிலிருந்து கிடைப்பவை. அந்த வான்நோக்ககத்தில் தாமஸ் கிளான்வில் டெய்லர் தொகுத்த பட்டியலில் 11,015 விண்மீன்கள் இருந்தன. கூர்மையான மையமில்லாத நெபுலாவை வைத்து மாலுமி எதையும் அளக்க முடியாது. ஆகவே அதைத் தேட யாருக்கும் சம்பளம் தரப்படவில்லை.

1861இல் வான்நோக்ககத்தின் பொறுப்பேற்ற நார்மன் போக்சனுக்கோ மங்கல் பொருள்கள் புதியவை அல்ல. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் இருந்தபோது, எம்80 கோளக் கொத்தில் திடீரென ஒளிர்ந்த நோவாவைத் தானாகவே கண்டவர் அவர். 1872 நவம்பர் இறுதியில் ஜெர்மனியிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் அனுப்பிய தந்தி, பீலா வால்மீனைத் தெற்கே தேடச் சொன்னது. டிசம்பர் 2, 3 விடியல்களில் போக்சன் ஒரு மங்கலான வால்மீனைக் கண்டார். அது பீலா அல்ல என்பதே பிற்காலக் கணக்குகளின் முடிவு. ஆனாலும் சென்னை வானில் அப்படிப்பட்ட பொருள் தெரிந்தது என்பதுதான் நமக்குச் சான்று. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீன், சென்னையில் உச்சமடையும்போதும் அடிவானிலிருந்து 14 பாகைதான் உயரும். இன்று அந்த உயரத்தில் தெருவிளக்குதான் கண்ணில் படும்.

1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போனது. அங்கே முதன்மை ஆய்வு சூரியன்தான். தொலைவான வானத்துக்கான பெரிய கருவிகள் வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் ஜவ்வாது மலையின் காவலூரில் அமைந்தன: 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி, 1986இல் 2.34 மீட்டர்.

இதற்கிடையே வடசென்னை ஒளிர்ந்துகொண்டே போனது. மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் உற்பத்தி தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் என இரவு முழுக்க விளக்கு தேவைப்படும் இடங்கள் பெருகின. உப்புக்காற்றும் தூசும் அந்த ஒளியைச் சிதறடித்து வானத்திலேயே நிறுத்திவைக்கின்றன.

போக்சன் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று 8 அங்குலத் தொலைநோக்கி. அதே விட்டமுள்ள கருவியை இன்று ஓர் ஆர்வலர் ராயபுரத்து மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம். கண்ணை வைத்துப் பார்த்தால் போக்சனைவிடக் குறைவாகவே தெரியும். கேமராவைப் பொருத்தினால் கதை மாறுகிறது. ஓரியன் நெபுலா இங்கே தலைக்கு அருகில், 71 பாகை உயரத்தில் உச்சமடைகிறது. அதன் ஒளியில் பெரும்பங்கு 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோட்டிலும் 500.7 ஆக்சிஜன் கோட்டிலும் குவிந்திருக்கிறது. அவற்றை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டியைப் போட்டால் சோடியம் விளக்கின் மஞ்சள் பெரும்பாலும் விலகிவிடும். வெள்ளை எல்.இ.டி. அவ்வளவு எளிதில் அடங்காது. அதன் ஒளி பல நிறங்களில் பரவியது. சிறு சிறு வெளிப்பாடுகளாக 100 படம் எடுத்து அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும்.

திசையும் முக்கியம். ஒமேகா சென்டாரி கொத்து உச்சத்தில் 29 பாகை உயரத்தில், நேர் தெற்கே, நகர வெளிச்சத்துக்கு மேல் நிற்கும். திருவொற்றியூர்க் கரையிலோ அது தென்கிழக்கில் கடலுக்கு மேலே எழும். உச்சத்துக்குக் காத்திராமல், 20 பாகை எட்டும்போதே எடுப்பது நல்லது.

அண்டங்களுக்கு இந்த உத்திகள் முழுதும் பொருந்தா. அவற்றின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் கலவை. எல்லா நிறத்திலும் பரவியது. வடிகட்டி நகரத்தோடு அண்டத்தையும் சேர்த்தே வெட்டிவிடும். ஆண்ட்ரோமெடாவின் வெளிக்கரங்கள் வேண்டுமென்றால் ராயபுரத்துக்காரர் இன்றும் ஜவ்வாது மலைக்கு வண்டி ஏறத்தான் வேண்டும்.