உப்பும் தசையும்

'புது அளம்' என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். இக்கரையின் வரலாறு பெரும்பாலும் உப்பின் வரலாறே. 1667இல் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை எழுப்பத் தொடங்கினர். உப்பும் பண்டமும் செல்லும் வழியை அடைத்தால் கண்டி இராச்சியம் பணியும் என்பது அவர்கள் கணக்கு. பின்வந்த ஆங்கிலேயர் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். ஆள்வோர் உப்பில் கண்டவை அதிகாரமும் வருவாயும். மீனவக் குடும்பங்கள் கண்டதோ வேறொன்று: பிடித்த மீனைத் தாமதமின்றி உப்பிடாவிடில் அதன் தசை குழைந்துவிடும்.

இதன் காரணங்களுள் ஒன்று மிகப் பிற்காலத்திலேயே விளங்கிற்று. உயிருள்ள கலம் தன்னுள் கல்சியத்தை வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக அடக்கி வைக்கிறது. உயிர் பிரிந்ததும் அக்காவல் தளர்கிறது. உள்ளே கல்சியம் பெருகுகிறது. புரதத்தை வெட்டும் கல்பெயின் என்னும் நொதியம் தொழிற்படத் தொடங்குகிறது. பிற நொதியங்களும் கிருமிகளும் உடன் சேர்கின்றன. உப்பு, தசையின் நீரை இழுத்து இவற்றை ஒடுக்குகிறது. கல்சியத்தால் தூண்டப்படும் இந்நொதியத்தை 1964இல் குரோஃப் என்னும் அறிஞர் எலியின் மூளையில் கண்டறிந்தார்.

நம் உடலிலும் இந்நொதியக் குடும்பம் உண்டு. அளவோடு வெட்டினால் கலம் சீர்படும். மூளைக்கு இரத்தம் தடைப்படும்போதோ, அது கட்டுமீறி நரம்புக் கலங்களைச் சிதைக்கும். தசைக்குரிய கல்பெயின் பழுதுற்றால் இடுப்பும் தோளும் மெலியும் என்பது 1995இல் நிறுவப்பட்டது.

ஆய்வுகூடம் தந்த இவ்வறிவை நாம் போற்றுகிறோம். ஆயினும், உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் உழைத்த கைகள் அறிந்ததும் அறிவே. அதற்கு இடமளிக்காத வரலாறு, ஆள்வோரின் கணக்கேடேயன்றி மக்களின் வரலாறு ஆகாது.