சிறைச் சுவரும் ஏற்காடு பஸ்ஸும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், கல்லூரி நாள் நாடகத்தில் கட்டபொம்மனுக்கு மீசை கழன்று விழுந்ததைப் பற்றியும் எழுத என்னைவிடத் திறமைசாலிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் சரித்திரம் படித்தவன். பிழைப்புக்கும் பள்ளிக்கூடத்தில் சரித்திரமே நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே நம் கல்லூரி நாட்களோடு ஒட்டிய ஒரு சரித்திரத்தையே எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் சட்டம் வரும். இளைய மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்க வேண்டும்.

நான் ஏற்காட்டுப் பையன். 1974 முதல் 1977 வரை நம் கல்லூரியில் பி.ஏ. சரித்திரம். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் துணிமூட்டையோடு ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிடுவேன். அஸ்தம்பட்டி, மத்திய சிறை, மாடர்ன் தியேட்டர்ஸ், கோரிமேடு, அடிவாரம். அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் எல்லோருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் பக்கம்தான் கண். ஷூட்டிங் நடந்தால் யாராவது தென்படமாட்டார்களா என்று எட்டிப் பார்ப்போம். சிறையை யாரும் பார்த்ததாக நினைவில்லை.

1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டது. அதற்கடுத்த நாட்களில் என் அறைத் தோழனின் அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஏற்காட்டில் ஒரு காபி குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அதுவரை ஆளுங்கட்சியாக இருந்த கட்சியில் கிளைப் பொறுப்பு. "மிசாவாம்" என்று ஹாஸ்டலில் கிசுகிசுத்தார்கள். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக்கூடப் பயம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர்களுடைய அம்மா ஹாஸ்டலுக்கு வந்தார். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிற அம்மா. என் நண்பன் அப்போது ஊருக்குப் போயிருந்தான். என்னை வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்டார்:

"ஏன் கண்ணு, நீ சரித்திரம் படிக்கிறவன்தானே? என்ன கேசுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. அந்தக் காலத்துல முன்பணம் வாங்கிட்டு மலைய விட்டு ஓடுனவனப் பிடிக்கக்கூட வாரண்ட் கொண்டுட்டு வருவாங்கன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. என் பையனுக்கு என்ன காயிதம் காட்டுனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிக்கிறேன் அம்மா" என்றேன். விசாரிக்கவில்லை. பரீட்சை வந்தது, பயமும் இருந்தது. இந்தக் கட்டுரை ஐம்பது வருடம் தாமதமாக வரும் விசாரணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா சொன்ன பழைய வாரண்ட் நிஜம். 1859ஆம் வருடத்து 13ஆவது சட்டம் அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குப் போ என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன்பட்டவனைக் குற்றவாளியாக்கிய கொடுமையான சட்டம்தான். 1925இல் மத்திய சட்டசபை அதை ரத்து செய்தது. 1926 ஏப்ரல் முதல் அது இல்லை. ஆனாலும் அந்தக் கொடுமையில்கூட ஒரு புகார் இருந்தது, ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார், ஒரு காயிதம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா 1859ஐயும் 1976ஐயும் ஒப்பிட்டுவிட்டார். பி.ஏ. படித்த எனக்கு அது உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நூலகங்களில் பழைய சட்டப் புத்தகங்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி நம் அஸ்தம்பட்டிச் சுவருக்கே வந்து நின்றது.

1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11ஆம் தேதி, சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்திருந்த மலபாரிலிருந்து வந்த விவசாயிகள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. குடியரசு பிறந்து மூன்று வாரம் முடியவில்லை; உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தரும் 21ஆவது பிரிவின் மை காயவில்லை. நான் சனிக்கிழமை தோறும் தாண்டிப் போன சுவர் அது. மூன்று வருடச் சரித்திரப் படிப்பில் பிளாசிப் போரைப் பத்து தடவை படித்தோம். இதைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

இதற்கடுத்த பதினெட்டு நாட்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 25ஆம் தேதி சர்தார் பட்டேல் பாராளுமன்றத்தில் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். விசாரணையில்லாமல் ஓர் ஆளைச் சிறையில் வைப்பதற்கான சட்டம். ராஜ்யங்களில் ஏற்கெனவே இருந்த காவல் சட்டங்கள் புதிய அரசியல் சட்டத்தின் முன் நிற்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டதால் அவசரம். மசோதா வந்த அன்றைக்கே நிறைவேறியது. ஒரே நாள்! இதைக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு இரவு தூக்கமில்லை என்று பட்டேலே சபையில் சொன்னார். அவர் தூங்காததை நான் நம்புகிறேன். ஆனால் சபைக்கு ஓர் இரவு கொடுத்திருக்கலாம். வயது வந்தோர் வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் இல்லை அது. அரசியல் நிர்ணய சபையே தற்காலிகப் பாராளுமன்றமாக உட்கார்ந்திருந்தது.

அப்புறம் மார்ச் 1. அன்றைய தேதியிட்டு சென்னை அரசாங்கத்தின் இரண்டு உத்தரவுகள் பின்னால் நாட்டையே அசைத்தன. ஒன்று, 1947 டிசம்பரிலிருந்து காவலிலேயே இருந்த ஏ.கே. கோபாலனுக்குப் புதிய சட்டத்தின்கீழ் சிறைக்குள்ளேயே கொடுக்கப்பட்ட காவல் உத்தரவு. இன்னொன்று, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்ற தடை. இருவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கோபாலன் வழக்கில் 1950 மே 19இல் தீர்ப்பு. ஆறு நீதிபதிகள். பெரும்பான்மையோர் சட்டம் செல்லும் என்றார்கள். பாராளுமன்றம் ஒரு நடைமுறையைச் சட்டமாக எழுதிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்காது என்பது அதன் சாரம். பஸல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் ஆறு பேரும் ஒன்று. காவலுக்கான காரணத்தைக் கைதி நீதிமன்றத்துக்குக்கூட வெளியிடக்கூடாது என்று சொன்ன 14ஆவது பிரிவு செல்லாது என்றார்கள். இந்தப் பதினான்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 26 வருடம் கழித்து நம் ஹாஸ்டல் வராந்தாவுக்கு அது வேறு நம்பரில் வரும்.

ஒரு வாரம் கழித்து, மே 26இல், 'கிராஸ் ரோட்ஸ்' தடையைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அரசியல் சட்டத்தில் அப்போது இல்லை என்றது. அடுத்த வருடம் முதல் திருத்தத்தில் அந்தக் காரணத்தை உள்ளே சேர்த்தார்கள். இந்தத் தடவை சபையில் பல நாள் வாதம் நடந்தது. பலன், கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே நுழைந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து இன்றைக்கும் கோர்ட்டில் வாதாடுகிறார்கள்.

இப்போது நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். பட்டேல் 1950 டிசம்பரில் காலமானார். உள்துறை ராஜாஜியிடம் வந்தது. சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். 1919இல் ரவுலட் சட்டம் வந்தபோது, இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும் அதிகாரிகளின் வாக்கைக்கொண்டு நிறைவேற்றிய சட்டம் அது, அதை எதிர்த்து எப்படிப் போராடலாம் என்று காந்திஜி யோசித்தது சென்னையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான். விசாரணையில்லாக் காவலை எதிர்த்து அரசியலில் முழுமூச்சாக இறங்கியவர், 32 வருடம் கழித்து அதே காவலை நீட்டிக்கும் மசோதாவோடு எழுந்து நின்றார். எங்கள் வீட்டில் ராஜாஜி படம் மாட்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மசோதாவை வரிவரியாகப் படித்தால் அவருக்குள் இருந்த சேலம் வக்கீல் தூங்கிவிடவில்லை என்பதும் தெரிகிறது. 1950 சட்டப்படி பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லிப் பிடித்தவர்களை ஆலோசனைக் குழு எதுவும் பார்க்காமலே ஒரு வருடம் வைத்திருக்கலாம். 1951 திருத்தம் அதை எடுத்தது. எல்லாக் காவலும் குழுவுக்குப் போக வேண்டும். போதிய காரணமில்லை என்று குழு சொன்னால் அரசாங்கம் விட்டே ஆக வேண்டும். 1952இல் மறுபடி திருத்தினார்கள்: கைதி விரும்பினால் குழு அவரை நேரில் கேட்க வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்து மசோதாவை எதிர்த்தவர்களில் ஒருவர் ஏ.கே. கோபாலன், கைதி எம்.பி. ஆகியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். சட்டத்தின் ருசி தெரிந்த ஆள் சபைக்குள் இருந்து கேள்வி கேட்கிறார், மந்திரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டம் 1969 டிசம்பர் 31உடன் காலாவதியானது. ஒன்றரை வருடம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. 1971இல் மிசா வந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை. உடனே அவசரச் சட்டத்தின் மூலம் மிசாவில் 16-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். அதன்படி காவலுக்கான காரணத்தைக் கைதிக்கே சொல்ல வேண்டியதில்லை. 1950இல் ஆறு நீதிபதிகளும் வேண்டாம் என்று தள்ளிய பதினான்கு, இன்னும் பெரிய உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்த வருடம் ஜூலையில் கூடிய பாராளுமன்றத்தில் கேள்வி நேரமே கிடையாது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில். நம் மாநிலத்திலோ ஜனவரி 31க்குப் பிறகு சட்டசபையே இல்லை. 1976 ஏப்ரல் 28இல், கட்டுக்காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவும் போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. எதிர்த்த அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா.

ஆக, அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: காயிதம் எதுவும் காட்டத் தேவையில்லை என்று சட்டம் எழுதியிருக்கிறார்கள் அம்மா, ஏன் என்று கேட்க டெல்லியில் நேரமில்லை, சென்னையில் சபையில்லை. இருபது வயதில் இதைத் தெரிந்து வைத்திருந்தாலும் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

மிசாவை 1978இல் ரத்து செய்தார்கள். அதே வருடம் ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், சட்ட நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. பாராளுமன்றமும் 44ஆவது திருத்தத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. குழு பார்க்காமல் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, குழுவை அமைக்க உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் சிபாரிசு வேண்டும் என்றது. ஆனால் அந்தப் பகுதி அமலுக்கு வரும் தேதியை அரசாங்கம் குறிக்கும் என்று விட்டுவிட்டார்கள். இந்த மலர் அச்சாகும் வரை ஒரு அரசாங்கமும், எந்தக் கட்சி அரசாங்கமும், அந்தத் தேதியைக் குறிக்கவில்லை. 1980இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1982இல் நம் சட்டசபை நிறைவேற்றிய, எல்லோரும் குண்டர் சட்டம் என்று சொல்லும் சட்டமும் இருக்கிறது. பேப்பரில் தினமும் படிக்கிறோம். குண்டர்கள்தானே என்று அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

என் நண்பனின் அண்ணன் 1977 தொடக்கத்தில் விடுதலையானார். அந்த வாரம் நானும் ஊருக்குப் போயிருந்தேன். லைன் வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ஆள் மெலிந்து, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தார். அதிகம் பேசவில்லை. அம்மா அவர் சட்டைப் பையிலிருந்த விடுதலை உத்தரவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இதுலயாவது எழுதியிருக்குதா, பாரு கண்ணு."

இங்கிலீஷில் டைப் அடித்த அரைப் பக்கம். ஒரு எண், ஒரு தேதி, சட்டத்தின் பெயர், பிரிவு, கீழே கையெழுத்து. இரண்டு தடவை படித்தேன். இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் வைத்தார். அப்புறம் எங்களுக்குக் காபி கொண்டுவரப் போனார்.