மண்ணில் வாழும் கிருமி: ஒரு நோயின் வரலாறு



தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியின் துணையோடு உயிருக்குப் போராடும் நிமோனியா நோயாளிகளுள் சிலருக்கு, அந்நோய் மண்ணிலிருந்து வந்திருக்கும். மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றில் நமது பகாங் மாநிலத்திற்கும் இடமுண்டு.

1911ஆம் ஆண்டு இரங்கூன் நகரில் ஆல்பிரட் விட்மோர் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து வந்தனர். மார்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள் சிலரின் நுரையீரல் விசித்திரமாகச் சிதைந்திருந்தது. அதில் கிடைத்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் கிருமியை ஒத்திருந்தது. ஆனால், அதனைப் போலன்றி நகரும் தன்மை கொண்டிருந்தது. இது புதிய நோயே என 1912இல் இருவரும் அறிவித்தனர். பின்னர் அது 'விட்மோர் நோய்' எனப்பட்டது. கிருஷ்ணசுவாமியின் பெயர் மறக்கப்பட்டது.

1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு விலங்குகளிடையே இதே நோய் பரவியது. அதனை ஆராய்ந்த ஸ்டான்டன், பிளெட்சர் ஆகியோர் 1921இல் மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர். எலிகளே இதனைப் பரப்புகின்றன என அவர்கள் கருதினர். ஈரமண்ணும் தேங்கிய நீருமே கிருமியின் இருப்பிடம் என்பது பிற்காலத்தில் புலனாயிற்று.

தோலின் காயம் வழியாகவும் மூச்சின் வழியாகவும் இக்கிருமி உடலுள் நுழைகிறது. இனிப்புநீர் உள்ளோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. 2000 முதல் 2003 வரை பகாங்கில் பதிவான 135 நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010இல் மாரான் வட்டாரத்து லுபுக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றோரிடையேயும் இது பரவி உயிர்களைப் பறித்தது.

இந்நோய் பார்வைக்குக் காசநோய் போலவும் சாதாரண நிமோனியா போலவும் தோன்றும். வழக்கமான மருந்துகள் பல இதற்குப் பயன்படுவதில்லை. செஃப்டாசிடிம் என்ற மருந்து இறப்பைப் பாதியாகக் குறைத்ததைத் தாய்லாந்து ஆய்வொன்று 1989இல் காட்டியது. எனினும், நோய் இன்னதென அறிந்தால்தானே அம்மருந்தைத் தர இயலும்?

திரிங்காப்பில் தேயிலையையும் காய்கறியையும் நம்பி வாழும் நாம் மண்ணை விட்டு விலக முடியாது. காலணியும் கையுறையும் அணிவோம். காயத்தை மூடி வைப்போம். வீட்டில் இனிப்புநீர் உள்ள பெரியவருக்குக் கடுங்காய்ச்சலும் இருமலும் கண்டால், "இவர் மண்ணில் வேலை செய்பவர், இனிப்புநீர் உள்ளவர்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சுவாசக் கருவி தேவைப்படும் நிலை வருமுன் சொல்ல வேண்டிய சொற்கள் அவை.