கோமாளி மீன் தொட்டிக்குள் வந்த கதை

ஆரஞ்சு நிற உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டைகள், விரல் நீளம். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு கோமாளி மீனைத் தெரியாத குழந்தைகள் குறைவு. ஆனால் பவளப்பாறை மீனை வீட்டில் வளர்க்கும் ஆசை நீமோவை விட மிகப் பழையது. அந்த ஆசைக்காகப் பல தலைமுறை மீன்கள் உயிரை விட்டிருக்கின்றன.

பிரச்சனை தண்ணீர்தான். தங்க மீனுக்குக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றினால் சமாளித்து விடலாம். கோமாளி மீனுக்கோ கடலையே வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும்!

அதற்கான வழியைத் தேடியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி காஸ். லண்டன் உயிரியல் பூங்காவில் 1853-ல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவருடைய 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் வெளிவந்தது. சில உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கவும் அவர் வழி சொன்னார். விளைவு? வாளியும் வலையுமாக மக்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறை இடுக்குக் குட்டைகள் வெறுமையாகின. அந்த அழிவை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். கடலை நேசிக்கச் சொன்ன புத்தகமே கரையைக் காலி செய்தது என்பதுதான் வேடிக்கை.

வெப்பக் கடல் மீன்களின் ஏற்றுமதி 1930களில் இலங்கையில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. 1950களில் விமானப் போக்குவரத்து பெருகியதும் வியாபாரமும் வளர்ந்தது. தேவை கூடினால் குறுக்கு வழியும் வரும் அல்லவா? பிலிப்பைன்ஸில் 1960களில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கிய மீன்களை அள்ளத் தொடங்கினார்கள். கடையில் நன்றாக நீந்திய மீன், வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் செத்துப் போகும். வாங்கியவரோ தன் வளர்ப்பில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

வளர்ப்பிலும் குறை இருந்தது உண்மைதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற சில வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களின் மீன்கள் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் உயிருள்ள பாறைத் துண்டுகளையே தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டு வளர்த்துக் காட்டினார். அதை அவர் எழுதி வெளியிட்டது 1961-ல். பாக்கெட்டில் அடைத்த கடல் உப்பும் அதே பத்தாண்டில் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

உண்மையான திருப்பம் இனப்பெருக்கத்தில் வந்தது. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் கடைக்காரரிடம் ஜோடி பார்த்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை, இரண்டு குட்டிகள் போதும்! கடல் சாமந்தியும் கட்டாயமில்லை. சொல்லப்போனால் மீனை விட அதை வளர்ப்பதுதான் கஷ்டம். முட்டைகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும். ஆனால் குஞ்சின் வாய் அவ்வளவு சிறியது. எதைக் கொடுப்பது? பதில் ஜப்பானிலிருந்து கிடைத்தது. அங்கே விலாங்கு வளர்ப்புக் குளங்களில் தொல்லையாக இருந்த ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை 1960-ஐ ஒட்டி மீன் குஞ்சுகளுக்கு உணவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீனை வணிக அளவில் உற்பத்தி செய்தார். நம் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த மீனின் குஞ்சுகளை உற்பத்தி செய்திருக்கிறார்கள்.

பண்ணையில் பிறந்த மீன் சின்ன வயதிலிருந்தே தொட்டிக்கும் உலர் தீவனத்துக்கும் பழகியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டுகள்கூட வாழும். நீமோ படத்தால் கடலில் இந்த மீன் காலியாகிவிட்டது என்று செய்திகள் வந்தன. பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் படத்தில் நீமோவின் அப்பாவோடு சுற்றிய டோரி, அதாவது நீல டாங் மீன், அத்தனை அதிர்ஷ்டசாலி இல்லை. அதைத் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2016-ல்தான் வெற்றி கண்டது. கடைத் தொட்டிகளில் நீந்தும் டோரிகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிபட்டவைதான்.