பீப்பாய் இல்லாத விருந்து

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், "வேதியியல் படிச்சவன் நீ, அமெரிக்காவிலே இருக்கே, நம்ம பாடத்தோட ஒட்டினதா ஏதாவது எழுதுடா" என்றான் வகுப்புத் தோழன் ஒருவன். எழுதுகிறேன். மாணவத் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். இது செய்முறைத் தேர்வு அல்ல, வரலாறு.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பீர் காய்ச்ச முடியாத கம்பெனிகள் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றன. ரொட்டி சுடத்தானாம்! வாங்கினவர்களில் எத்தனை பேர் ரொட்டி சுட்டார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அடுக்களையில் காய்ச்சி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, புட்டியில் ஊற்றும்போது ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, தகர மூடியை இறுக்கிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். வெளியேற வழியில்லாத வாயு பீரிலேயே கரையும். நுரை வந்த ரகசியம் அவ்வளவுதான். சர்க்கரை கூடினால் நிலவறையில் புட்டிகள் பட்டாசு மாதிரி வெடித்தன.

மதுவிலக்கு போன பிறகு வீட்டில் ஒயின் செய்யச் சட்டம் இடம் தந்தது, பீருக்குத் தரவில்லை. 45 வருஷம் இப்படியே ஓடிற்று. செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முயற்சியால் வந்த திருத்தத்தில் 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. ஆனாலும் மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டே! மிசிசிப்பியும் அலபாமாவும் சம்மதிக்க 2013 ஆயிற்று.

பிற்பாடு குளிர்பானக் கம்பெனிகள் கழித்துக்கட்டிய 19 லிட்டர் எஃகுப் பீப்பாய்கள் மலிவாகக் கிடைத்தன. வசதியுள்ளவர்கள் அதோடு வாயு சிலிண்டர், தனி ஃபிரிட்ஜ், குழாய் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்குப் புட்டிதான். விருந்தில் அதை ஊற்றுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். புட்டியின் அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருக்கும். முந்தின நாளே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சாய்த்து, நடுவில் நிமிர்த்தாமல், ஒரே மூச்சில் கூஜாவில் ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் புட்டியைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். நம் ஆய்வுக்கூடத்தில் "தெளிய வைத்து இறுத்தல்" என்று எழுதினோமே, சாட்சாத் அதுவேதான்!

என்னைக் கேட்டால், பீப்பாயைவிடப் புட்டிதான் உசத்தி. பையில் போட்டு நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த எடுத்துப் போவதற்கே 2010இல் சோதனை வந்தது. அப்போது நான் ஓரிகன் மாநிலத்தில் வேலையில் இருந்தேன். வீட்டில் செய்த பீரைச் செய்த வீட்டிலேயே குடிக்க வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அங்குள்ள பழைய சட்டத்துக்கு அதிகாரிகள் பொருள் சொன்னார்கள். மாநிலப் பொருட்காட்சியில் நடக்கவிருந்த வீட்டு பீர் போட்டியே அந்த வருஷம் ரத்தாயிற்று. இலவசமாகக் கொடுப்பதற்கும் தடையா என்று ஜனங்கள் கொதித்தார்கள். காய்ச்சுபவர்கள் ஒன்றுகூடி சட்டசபையை அணுகினார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டது. புட்டிகள் மறுபடி பையில் ஏறின.