பாதையைக் காத்த பிரயாணிகள்

வரலாறு அரசராலும் அமைச்சராலும் மட்டுமே ஆக்கப்படுவதன்று. சாதாரண பிரயாணிகள் ஒன்றுகூடி அரசின் போக்கையே மாற்றியதுமுண்டு. வட இங்கிலாந்தின் செற்றில்–கார்லைல் புகையிரதப் பாதையின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1876இல் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்ட இப்பாதை 72 மைல் நீளமானது. மக்கள் செறிந்து வாழாத மலைப்பிரதேசத்தினூடாகச் செல்வது. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை இதன் பிரயாணிகள் சேவையை நிறுத்துமாறு விதந்துரைத்தது. சேவை அன்று தப்பியதெனினும், 1970இல் இடைநிலையங்கள் பல மூடப்பட்டன. 1982இல் தூர விரைவு வண்டிகளும் விலக்கப்பட்டன. 24 வளைவுகளையுடைய றிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கப் பெருந்தொகை வேண்டுமெனக் காட்டி, 1983இல் பிரித்தானிய புகையிரத நிர்வாகம் பாதையை மூடும் எண்ணத்தை அறிவித்தது.

ஆபத்தை முன்னுணர்ந்த சிலர் 1981இலேயே 'செற்றில்–கார்லைல் பாதையின் நண்பர்கள்' எனும் சங்கத்தை நிறுவியிருந்தனர். ஊதியங் கருதாது உழைத்த இத்தொண்டர்களுக்குச் சட்டமே முதல் தடையாயிற்று. 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சேவை நிறுத்தத்தை ஆட்சேபிக்கும் உரிமை அச்சேவையைப் பயன்படுத்துவோருக்கே அன்று இருந்தது. அவர்களுக்கு நேரும் இடர்ப்பாடு ஒன்றே விசாரணைக்குரியதாயிருந்தது. பாதையின் வரலாற்றுச் சிறப்போ, பாலத்தின் செலவுக் கணக்கோ அவ்விசாரணையின் எல்லைக்கு அப்பாற்பட்டன.

ஆகவே தொண்டர்கள் பிரயாணிகளையே நாடினர். 22,000இற்கு மேற்பட்ட ஆட்சேபணைகள் குவிந்தன. கட்டணஞ் செலுத்திப் பிரயாணஞ் செய்த நாயொன்றின் பாதச்சுவடும் அவற்றுள் ஒன்றாக ஏற்கப்பட்டமை சுவையான செய்தியாகும். 1986இல் பகிரங்க விசாரணைகள் நடைபெற்றன. அவ்வாண்டிலேயே இடைநிலையங்கள் எட்டு மீளத் திறக்கப்பட்டன.

வெற்றி தொண்டர்க்கு மட்டுமே உரியதென்றல் பொருந்தாது. உள்ளூராட்சி மன்றங்கள் துணைநின்றன. பாதையை மூடும் பணிக்கென நியமிக்கப்பட்ட றொன் கொற்றன் எனும் அதிகாரியே மலிவுக் கட்டணங்களால் பிரயாணிகளைப் பெருக்கினார். மூடப்படப்போகிறது என்ற செய்தியும் மக்களை ஈர்த்தது. பரீட்சார்த்தப் பழுதுபார்ப்பு, பாலத்தின் செலவு முன்னர் அஞ்சியதிலும் குறைவென உணர்த்தியது. 1988இல் மூடுவதற்கே சாய்ந்திருந்த அரசு, 1989 ஏப்பிரல் 11ஆந் திகதி அதற்கு அனுமதி மறுத்தது.

எனினும் இவை யாவும் பயன்தருவதற்கு வேண்டிய காலத்தை ஈட்டித் தந்தவர்கள் தொண்டர்களே. ஆட்சேபணைகள் சில நூறாக இருந்திருப்பின், கொற்றனின் முயற்சி பலிக்குமுன்னரே பாதை மூடப்பட்டிருக்கலாம். தனியொருவரின் மனக்குறை எளிதிற் புறக்கணிக்கப்படும். முறையாக எழுதிப் பதியப்பட்ட பல்லாயிரவர் குறையோ சான்றாகிவிடும். குறுகிய சட்டத்தைப் பழித்து ஓயாது, அச்சட்டம் திறந்துவைத்த சிறு வாயிலினூடாகவே மக்களை அணியணியாக அழைத்துச் சென்றமையே அத்தொண்டின் சிறப்பாகும்.