மறியல் களத்தில் ஸ்பானியப் பாடம்

ஒரு மொழியைக் கற்க வகுப்பறை ஒன்றே வழியாகுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1965 செப்டம்பரில், டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர்களும் இணைந்தனர். துணைநிற்க மாணவர்களும் பாதிரிமாரும் வந்தனர். தொண்டர்க்குக் கிடைத்தவை உணவு, உறைவிடம், வாரத்திற்கு 5 டாலர் மட்டுமே.

ஸ்பானியம் அறியாது வந்தோர்க்கு மறியல் களமே பள்ளி. 'வெல்கா' என்னும் முழக்கமே முதற்பாடம். தமிழ்ச் செவிக்கு 'வெல்க' என ஒலிக்கும் அச்சொல்லின் பொருள் வேலைநிறுத்தம். அதை முழங்கக் கூடாதென ஷெரிப் தடைவிதித்தார். அக்டோபரில் தடையை மீறி முழங்கிய 44 பேர் கைதாயினர். அவர்களுள் பாதிரிமாரும் இருந்தனர். 1970இல் தோட்ட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிறர் துயரில் பங்குகொண்டு கற்ற சொல் நெஞ்சில் ஆழப் பதியும் அன்றோ?